சொன்னதா, நினைச்சதா

எங்கள் மெடமுக்குத் தமிழ் எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. தாய் சிலாபத்துக்கு இங்கால் கடற்கரையில் தமிழ் பேசுகிற கத்தோலிக்கக் குடும்பம். தகப்பன் சிங்களவர். படித்தது முழுக்கச் சிங்களப் பள்ளிக்கூடத்தில். ஆனால் வாயைத் திறந்தால், கரையில் மீன் ஏலம் போகிற இடத்தில் நிற்கிற பெண்கள் கதைக்கிற தமிழ் அப்படியே வரும். எங்கள் பொலிஸ் நிலையத்தில் இரண்டு மொழியும் எழுதி, வாசித்து, அதற்கான சோதனையும் பாஸ் பண்ணியவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடத்தான். எங்கள் இருவரில் தமிழ் தெரிந்தவர் யார் என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் என்னையே காட்டியிருப்பேன்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தமிழ் தெரிந்த ஆட்களைப் பொலிசுக்கு எடுத்தார்கள். கற்பிட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் முஸ்லிம் ஆட்கள் பொலிசுக்குப் போவது குறைவு. உம்மா அழுதார். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் காக்கிச் சட்டையோடு முதல் தரம் வீட்டுக்கு வந்த அன்று மட்டும் வாசலில் கதிரை போட்டு என்னைக் கொஞ்ச நேரம் அதில் இருக்கச் சொன்னார். ரோட்டால் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். பிறகு என்னைப் புத்தளம் கரையோர நிலையம் ஒன்றின் குற்றப் பிரிவில் போட்டார்கள். அங்கே அவர் உப பரிசோதகர்.

பெண் ஒருவர் குற்றப் பிரிவில் இருப்பதே அப்போது புதினம். சாதாரணமாகப் பெண்கள், பிள்ளைகள் பிரிவில்தான் உட்காரவைப்பார்கள். இவரை அங்கே வைத்துப் பார்த்து, சமாளிக்க முடியாமல் இங்கே அனுப்பினார்களாம். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் மெடம். நானும் அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம். இன்னும் எங்கேயோ உத்தியோகத்தில்தான் இருக்கிறார். யாராவது இதை வாசித்துக் காட்டினால், எங்கே பிழை விட்டிருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு என்னைத் தேடி வந்துவிடுவார்.

விசாரணைக்கு ஒருவரை இருத்தினால் மெடம் தன் கதிரையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொள்வார். இடது காது கதைக்கிறவர் பக்கம் இருக்கும். கண் ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் துருப்பிடித்துக் கிடக்கிற பிடிபட்ட மோட்டார் சைக்கிள்களில் இருக்கும். ஆளின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். முதல் தரம் வருகிறவர்கள் இவருக்கு மரியாதை தெரியாது என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். ஒருநாள் துணிந்து கேட்டேன். முகத்தைப் பார்த்தால் பாவம் வரும், இல்லாவிட்டால் கோபம் வரும், இரண்டில் எது வந்தாலும் காது அடைத்துப்போகும் என்றார். அவருடைய மேசை லாச்சியில் எந்த நேரமும் ஒரு பை மாங்காய் அச்சாறு இருக்கும். யாரும் கேட்காமல் எடுக்கலாம். அவர் ஒருவருடைய கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் மட்டும் மெல்லுகிற சத்தம் வரக் கூடாது.

கேட்டு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி. "சொன்னதா, நினைச்சதா?" கண்ணால் கண்ட சாட்சி என்றால், "பாத்ததா, நினைச்சதா?" ஆடு காணாமல் போனவருக்கும் அதுதான், அண்ணன் வெட்டுப்பட்டவருக்கும் அதுதான். அவன் என்னைக் கொல்லுவேன் என்றான் மெடம் என்று ஒருவர் படபடப்பாகச் சொல்லுவார். வாயால் சொன்னானா, நீங்கள் நினைத்தீர்களா என்று இவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்பார். பாதிப்பேர் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். எழும்பி வீட்டுக்குப் போய்விட்டவர்களும் உண்டு. நிலையத்தில் முறைப்பாடு குறைந்ததற்குக் காரணமே இதுதான் என்று எங்கள் சார்ஜன்ட் பகிடி விடுவார். வீட்டில் மனைவி சண்டைக்கு வந்த நேரம் தானும் இதைக் கேட்டுப் பார்த்ததாகவும், அதன் பிறகு இரண்டு நாள் கடையில் பாண் வாங்கிச் சாப்பிட்டதாகவும் அவர் சொன்னார்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில்தான் எழுதுவோம். பொறுப்பதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் அதுதான் வசதி. மெடமும் சிங்களத்தில் எழுதுவார். ஆனால் முக்கியமான இடம் வந்தால் மொழிபெயர்க்க மாட்டார். ஆள் தமிழில் சொன்னதை அப்படியே சிங்கள எழுத்தில் எழுதிவைப்பார். கடைசியில் முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டி, நீங்கள் சொன்னது இதுதானா என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். கெட்டித்தனமான வேலை என்று எனக்குத் தோன்றியது. நானும் அதேபோல் எழுதப் பழகிக்கொண்டேன்.

தலவில தேவாலயத் திருவிழாவுக்கு எங்களைக் காவல் கடமையில் போட்டிருந்தார்கள். பூசை முடிந்து சனம் கலைகிற நேரம், ஒரு அம்மாவின் தங்கச் சங்கிலி போய்விட்டது. கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணைச் சனம் பிடித்து மணலில் இருத்தி வைத்திருந்தது. இரண்டு அடியும் விழுந்திருந்தது. மெடம் போய் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிடித்த ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காதைக் காட்டினார். இவள்தான் இடித்தாள் என்று அவர் சொன்னார், அவர் சொன்னார் என்று ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டே போய், கடைசியில் கண்டவர் ஒருவரும் இல்லை. சங்கிலியைத் தொலைத்த அம்மாவைத் தேவாலயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சேலையை உதறச் சொன்னார். கொக்கி விட்டு, கொய்சக மடிப்புக்குள் விழுந்து கிடந்தது சங்கிலி. அடித்தவர்களில் ஒருவர் மெடமிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அடி பட்டது நானில்லை, அங்கே போய்க் கேளுங்கள் என்று மெடம் அந்தப் பெண்ணின் பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

அவருக்குப் பயம் காட்டவும் ஆட்கள் வந்தார்கள். ஒரு மணல் லொறியைப் பிடித்துவைத்தபோது, உரிமையாளர் வெள்ளைச் சட்டையோடு வந்து, எலுவன்குளத்துக்கு மாற்றிவிடுவேன், காட்டு ஓரத்தில் யானையோடு இருக்க வேண்டி வரும் என்றார். யானை பொய் முறைப்பாடு கொண்டுவராதே என்று மெடம் சொன்னார். கதிரையைக்கூடத் திருப்பவில்லை. கடைசியில் மாற்றத்தான் செய்தார்கள், ஆனால் அந்த லொறிக்காக இல்லை.

இவ்வளவையும் எழுதும்போது அவரோடு வேலை செய்வது சுகமாக இருந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. ஒருமுறை ஒரு இளம்பெண் கை முறிந்து வந்தாள். கிணற்றடியில் விழுந்தேன் என்றாள். மெடம் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னாள். திரும்பவும் சொல்லச் சொன்னார். ஏழு தரம். ஏழாம் தரம் அந்தப் பிள்ளை கிணற்றை விட்டுவிட்டுப் புருசனின் பெயரைச் சொல்லி மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். மெடம் அவளுடைய தோளில் ஒரு கை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "தண்ணி குடுங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். அந்தப் புருசன் உள்ளே போனது நல்லதுதான். ஆனாலும் எனக்கு அன்று அவரைப் பிடிக்கவில்லை.

என்னை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சார்ஜன்டும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இரண்டும் ஒரே சொல் இல்லை. சிங்களத்தில் கொச்சையாகக் கதைக்கும்போது முஸ்லிம் ஆட்களுக்கு அப்படி ஒரு பேர் உண்டு. மரியாதையான பேர் இல்லை. சார்ஜன்ட் நல்ல மனிசன். எதை நினைத்துக் கூப்பிடுகிறீர்கள் என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை. கேட்காமல் விட்ட அந்தச் சொல்தான் பிறகு ஒருவனை மறியல் சிறைக்கு அனுப்பியது.

செபமாலை என்று ஒருவர், எத்தாளையில் சொந்தமாக ஒரு பைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். ஒருநாள் காலை பத்து மணிபோல, கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் பின்தலை உடைந்து கிடந்தார். கண்டவர்கள் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். மெடம் அந்த வாரம் லீவில். தாயின் நினைவுப் பூசைக்கு ஊருக்குப் போயிருந்தார். வாக்குமூலம் எடுக்க நான் தனியே போனேன்.

கதவைப் பார்த்தபடி இருந்த கட்டிலில் அவரைப் போட்டிருந்தார்கள். ஆள் தப்பமாட்டார் என்று டொக்டர் கண்ணால் காட்டினார். அந்த நேரம் செபமாலையின் மனைவி ஓடி வந்தார். வாக்குமூலம் எடுக்கிறேன், கொஞ்சம் அங்கேயே நில்லுங்கள் என்று அவரைக் கதவடியில் நிறுத்தினேன். சட்டப்படி சரிதான். புத்தகத்தை விரித்துக்கொண்டு கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. நான் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை, சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது. மெடம் செய்வதுபோலவே, மொழிபெயர்க்காமல், தமிழைச் சிங்கள எழுத்தில் எழுதியிருந்தேன். "தம்பி தள்ளிப் போட்டான்."

பொறுப்பதிகாரி அதை ஒரு தரம் வாசித்தார். தள்ளு என்ற சொல் சிங்களத்திலும் உண்டு. தம்பி என்பதை அவர் சிங்களத்தில்தான் விளங்கிக்கொண்டார். காலையில் அந்தக் கரைக்குப் போன முஸ்லிம் ஆள் யார் என்று கேட்டார். எஞ்சின் திருத்துகிற நிஸ்தார் போயிருந்தான். திருத்திய எஞ்சின் திரும்பவும் நின்றுவிட்டது என்று செபமாலை ஏச, இவனும் திருப்பி ஏசியதைக் கரையில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். பின்னேரம் நிஸ்தார் கூண்டுக்குள் இருந்தான். அடுத்த நாள் நீதவான் அவனை விளக்கமறியலுக்கு அனுப்பினார். நிஸ்தார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்று கூப்பிட்டு, என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "ஏசினது உண்மை, நானா. ஏசிப்போட்டு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போய்ட்டன். கை வைக்கல்ல."

நான் பொறுப்பதிகாரியிடம் போய், தமிழில் தம்பி என்றால் வேறு, கூடப் பிறந்த இளையவனைத்தான் சொல்வது என்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல், உன்னுடைய ஆள் என்பதால் சொல்கிறாயா என்று கேட்டார். இல்லை சேர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு எதிராக ஊரில் கதை மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நிஸ்தாரின் உம்மா எங்கள் வீட்டுக்குப் போய், உங்களுடைய மகன் அங்கேதானே இருக்கிறார் என்று என் உம்மாவிடம் அழுதிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தரம் பொறுப்பதிகாரியின் அறைக்குள் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலாம் நாள் மெடம் வந்தார். புத்தகத்தை எடுத்து அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். "சாகிற நேரத்தில எங்கட ஆக்கள் தம்பி எண்டா அது கூடப் பிறந்தவன்தான்" என்றார். செபமாலைக்கு ஒரே தம்பி, சூசை. வள்ளத்தை விற்றுவிட்டு இத்தாலிக்குப் போக வேண்டும் என்று ஒரு வருடமாக அண்ணனோடு பிரச்சினைப்பட்டுக்கொண்டிருந்தவன். அன்று காலையில் எங்கே நின்றாய் என்றால், வீட்டுக்குப் பின்னால் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன் என்றான். கண்டவர் ஒருவரும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். நான் சொன்னதைத்தானே மெடமும் சொல்கிறார்.

அந்தக் கதை எத்தாளைக்குப் போக அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. செபமாலையின் மனைவி சூசையின் வீட்டோடு பேச்சை விட்டார். ஒரே வளவு, நடுவில் வேலிகூட இல்லாமல் இருந்தவர்கள். இப்போது தென்னோலை கட்டி அடைத்துவிட்டார்கள். நிஸ்தாரை விடுவிக்கவும் பொறுப்பதிகாரி சம்மதிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்திருக்கலாம் என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். நான் எழுதிய ஒரு வரியில் இரண்டு பேருடைய கழுத்து இருந்தது.

மெடம் சூசையை இரண்டு நாள் பின்னேரம் இருத்தி வைத்துக் கேட்டார். வள்ளத்தை விற்கச் சொன்னது உண்மை, தள்ளவில்லை என்பதை அவன் எத்தனையோ தரம் ஒரே மாதிரிச் சொன்னான். மறியலுக்குப் போய் நிஸ்தாரின் கதையையும் கேட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலை அச்சாறுப் பையை எடுத்தவர் வாயில் போடாமல் திரும்ப வைத்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றார். பிறகு கதிரையைத் திருப்பினார். காது என் பக்கம் இருந்தது.

அந்தக் கதிரை அப்படித் திரும்பினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. கோபம் வந்தது. என் காதால் கேட்டது மெடம் என்றேன். எழுதினதை விடுங்க, அவர் சொன்னமாதிரிச் சொல்லுங்க என்றார். சொன்னேன். சாகிற மனிசன் இவ்வளவு துப்புரவாகவா சொன்னார் என்று கேட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார், என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப் ஆஸ்பத்திரிக்குப் போனது.

பகல் பதினொரு மணி. அந்தக் கட்டிலில் இழுப்பு நோய்க்கார வயசாளி ஒருவர் இருந்தார். அவரைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, மெடம் சப்பாத்தைக் கழற்றி வைத்து, யூனிபோர்மோடு ஏறிப் படுத்தார். வார்ட்டில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி உட்கார்ந்து பார்த்தார்கள். நர்ஸ் ஒருவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அன்று நின்ற இடத்தில் நிற்கச் சொன்னார், நின்றேன். புத்தகத்தை விரிக்கச் சொன்னார், குனியச் சொன்னார். செபமாலையின் மனிசி எங்கே நின்றார் என்று கேட்டார். எனக்குப் பின்னால் கதவடியைக் காட்டினேன். அந்த நர்ஸைக் கூப்பிட்டு அங்கே நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு இடுப்பு நோகத் தொடங்கியது. மெடம் தலையணையில் இருந்து தலையைச் சற்றுத் தூக்கி, என் கைக்கு இந்தப் பக்கத்தால் பார்த்தார், அந்தப் பக்கத்தால் பார்த்தார். நர்ஸ் சரியான இடத்தில் நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும் போல.

"தம்பி, தள்ளிப் போங்க. ஒண்டும் தெரியுதில்ல."

எரிச்சலில் சொன்னார். பரீட்சைக்காகச் சொல்லவில்லை, வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் தலையை மெதுவாகத் திரும்பத் தலையணையில் வைத்தார். கூரை முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். நான் குனிந்தபடியே நின்றேன்.

"அவர் எதுவரைக்கும் சொன்னவர்?" என்று கேட்டார்.

"தள்ளிப் போ... அதுவரைக்கும்."

"பிறகு?"

"பிறகு மூச்சுத்தான் மெடம்."

"மிச்சம்?"

"மிச்சத்த நான் போட்டன்."

தலை உடைந்த ஒரு மனிசன், முன்னால் ஒரு பொலிஸ்காரன், கையில் புத்தகம். வேறு எதைச் சொல்லப்போகிறார் என்று நினைத்திருக்கிறேன். நினைத்தேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. இவ்வளவு நாளும் அந்தச் சொல் முழுதாக என் காதில் கேட்டபடியே இருந்தது. 'போ' என்று நின்றதை 'போட்டான்' என்று முடித்தது நான். இரண்டு மொழியிலும் சோதனை பாஸ் பண்ணிய நான். என் கையிலிருந்த புத்தகம் நழுவி அவர் மேல் விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார். அவரோடு வேலை செய்த காலத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"நானும் நினைச்சன்தான், தம்பி" என்றார், சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டு. "சூசையை ரெண்டு நாள் இருத்தி வச்சனே."

நடந்ததை என் கையாலேயே தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொன்னார். எழுதிவிட்டுத் தமிழை வாசித்துக் காட்டினேன், அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். பொறுப்பதிகாரி அதை வாங்கவில்லை. இப்படி ஒன்று வெளியே போனால் இந்தப் பொடியனின் வேலையும் போகும், உன்னுடைய பேரும் போகும் என்று மெடமிடம் சொன்னார். போகட்டும் சேர் என்றார் மெடம். என் வேலையைப் பற்றி என்னைக் கேட்காமலே சொல்கிறாரே என்று நினைத்தேன்.

மெடம் வள்ளத்திலும் ஏறிப் பார்த்தார். எஞ்சினைக் கழற்றித் தூக்கி வைத்திருந்த இடத்தில் ஒயில் கொட்டிக் காய்ந்திருந்தது. செபமாலையின் ஒரு செருப்பு வார் அறுந்து அதற்குள் கிடந்தது. முதல் நாளே அதை நாங்கள் கண்டிருந்தோம். தள்ளினார்கள் என்று முடிவான பிறகு யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. பொறுப்பதிகாரி வாங்காததை மெடம் தானே நீதிமன்றத்தில் கொடுத்தார். அப்படியென்றால் இவர் தவறி விழுந்தாரா என்று நீதவான் கேட்டார். "எனக்குத் தெரியாது, ஐயா. தன்னை ஒருத்தன் தள்ளினதா அவர் சொல்லேல்ல. அது மட்டும்தான் தெரியும்" என்றார் மெடம். நிஸ்தாரை விட்டார்கள். பிறகு ஒருநாள் சந்தையடியில் அவனைக் கண்டேன். சலாம் சொன்னான், நிற்கவில்லை.

எனக்கு வேலையிலிருந்து நிறுத்திவைக்கிற கடிதம் வந்தது. அந்த வருடம் முடிவதற்கு முதல் மெடமுக்கும் மாற்றம் வந்தது, அந்த லொறிக்காரர் சொன்ன அதே பக்கத்துக்கு. என்னை நிறுத்திவைத்த அந்தக் கடிதம் என் கைக்கு வருவதற்கு முந்தின நாள், ஒரு இடத்துக்குப் போகணும் வாங்க என்று என்னை ஜீப்பில் ஏற்றினார். எத்தாளைக்கு வந்த பிறகுதான் செபமாலையின் வீட்டுக்கு என்று விளங்கியது. நீங்களே போய்ச் சொல்லலாமே மெடம் என்று கேட்டேன். எழுதினது நீங்கதானே என்றார்.

செபமாலையின் மனைவி வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்தார். கையில் மண். இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டார். மெடம் ஒன்றை எடுத்து எங்கள் இருவருக்கும் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தம்பி சொல்லுவார் என்றார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அவர் ஆரையும் குத்தம் சொல்லேல்ல. தம்பி தள்ளிப் போ எண்டு என்னத்தான் சொன்னவர். நான்தான் பிழையா எழுதிட்டன்."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. கையில் இருந்த மண்ணை உதிர்த்துக்கொண்டே நின்றார்.

"உங்களை ஏன் போகச் சொன்னவர்?"

"நான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல நிண்டன்."

"கதவடியில நான்தானே நிண்டன்."

"ஓம் அக்கா."

அவர் அழவில்லை. குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மூத்த மகளைக் கூப்பிட்டு, சித்தப்பா வீட்டுக்குப் போய், எல்லாரையும் பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லு, அம்மா சொன்னது எண்டு சொல்லு என்றார். அந்தப் பிள்ளை நம்பாமல் தாயின் முகத்தைப் பார்த்தது. திரும்பவும் சொன்னார். அது ஓலை வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடியது. மெடம் எழும்பினார். எனக்கும் மூச்சு வந்தது. அந்த அக்கா மோசமாக ஏதாவது சொல்லுவார், கத்துவார் என்று பயந்து வந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நாங்கள் வளவுப் படலையைத் திறக்கும்போது அந்த அக்கா பின்னால் வந்து கூப்பிட்டார்.

"தம்பி. அப்ப நீங்க தள்ளி நிண்டீங்களா?"

நான் மெடமைப் பார்த்தேன். அவர் ஜீப்பின் கதவில் கை வைத்துக்கொண்டு வெங்காயப் பாத்தியைப் பார்த்தபடி நின்றார். எனக்காக ஒரு சொல்லும் அவர் சொல்லப்போவதில்லை.

"இல்ல அக்கா" என்றேன். "நான் எழுதிக்கிட்டு நிண்டன்."